கவிழ வேண்டிய கப்பல்

எங்கள் எதிர்வீட்டு சேதுமாதவன் தரக்கட்டுப்பாட்டு என்ஜினீயர். ஏ.சி.க்கு டக்ட் என்கிற தகரக் குழாய் போடும் கம்பெனி ஒன்றில், குழாயில் எங்கேனும் காற்று கசிகிறதா என்று பார்த்து, கசியவில்லை என்று கையெழுத்துப் போடுவதுதான் அவர் உத்தியோகம். பதினாறு வருடம் இதையே செய்த மனிதருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் கசிவது போலவே தெரியும். எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தால்கூட டம்ளரைத் தூக்கி அடிப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். இவரோடு குடித்தனம் நடத்துகிறாள் என்பதற்காகவே சுசீலாவுக்குக் குவைத் அரசாங்கம் ஏதாவது பட்டயம் கொடுக்கலாம்.

நான் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடுகிறவள் இல்லை. எங்கள் கதவுக்கும் அவர்கள் கதவுக்கும் நடுவில் நாலடி இடைவெளி. என் கதவில் வெளியே பார்க்க ஒரு துளை இருக்கிறது. அவர்கள் வீட்டில் பேசுவதெல்லாம் சத்தமாகப் பேசுகிறார்கள். இதில் என் தப்பு என்ன? குவைத்தின் இந்த அப்பாசியாப் பேட்டையில் இப்படி நெருக்கிக் கட்டிடம் கட்டியவனைத்தான் கேட்க வேண்டும்.

2005-ஆம் வருடம் அவருடைய பார்வை மகள் சம்யுக்தாவின் மேல் விழுந்தது. எட்டாம் வகுப்பு படிக்கிற பெண். குவைத்தில் இருந்தால் பிள்ளை உருப்படாது, வருகிற ஏப்ரலில் சென்னையில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்து ஐ.ஐ.டி.க்கு இப்போதிருந்தே தயார் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார். சென்னையில் இருக்கும் தம்பி இடமும் பிடித்துவிட்டார். அங்கே காலை நாலரைக்கு எழுப்பிவிடுவார்களாம். அதைச் சொல்லும்போது சேதுமாதவன் முகத்தில் தெரிந்த பரவசம், நாலரைக்கு எழப்போகிறவள் முகத்தில் தெரியவில்லை.

"எனக்குப் போக இஷ்டமே இல்ல ஆன்ட்டி," என்றாள் ஒருநாள், என் சமையலறையில் நின்று முறுக்கைக் கடித்துக்கொண்டே. "நான் போய்ட்டா அம்மா யார்கூட பேசுவாங்க? அப்பா பேசினா அது இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் மாதிரியே இருக்கும்."

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். சுசீலா என்னிடம் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்து யோசித்துப் பேசுவது ஏன் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்னொரு முறுக்கை எடுத்து நீட்டினேன்.

பேரம் நடந்த அன்று, வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அப்பனும் மகளும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள்.

"கேர்லெஸ். அதான் இவ பிரச்சனை," என்றார் என்னைப் பார்த்து. "கணக்குல எல்லா ஸ்டெப்பும் கரெக்ட்டு. கடைசி வரியில ப்ளஸ் மைனஸ் ஆயிடும். ஒரு வேலைய எடுத்தா முடிக்கத் தெரியாதுங்க இவளுக்கு. இங்கயே கெடந்தா இப்படியேதான்."

"முடிச்சுக் காட்டினா?" என்றாள் சம்யுக்தா.

"என்னத்த?"

"ஸ்கூல்ல எக்ஸிபிஷன் வருதுல்ல. நானே தனியா ஒரு ப்ராஜெக்ட் பண்றேன். நீங்க தொடக்கூடாது. ரிசல்ட் என்ன வரும்னு முன்னாடியே எழுதிக் குடுத்துடறேன். அதே வந்துட்டா சென்னை கிடையாது. வரலேன்னா நானே பெட்டி கட்றேன்."

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கண்காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர்தான் மாணவர் கண்காட்சி, போட்டி அப்பாக்களுக்குள். போன வருடம் முதல் பரிசு வாங்கிய காற்றாலையை ஏழாம் வகுப்புப் பையன் செய்ததாகச் சொன்னார்கள். அதில் வெல்டிங் இருந்தது. ஹைட்ராலிக் கிரேன் செய்த மாணவி அந்தக் கிரேனை முதன்முதலில் பார்த்ததே கண்காட்சி அன்றைக்குத்தான். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று அப்பாவைக் கேட்டுக் கேட்டு அமுக்கினாள். ஒவ்வொரு நவம்பரிலும் குவைத்தின் கட்டுமானத் தொழில் இரண்டு வாரம் சுணங்குவதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. அப்பேர்ப்பட்ட ஊரில், நீங்கள் தொடக்கூடாது என்று ஒரு மகள் சொன்னால் அப்பனுக்கு எப்படி இருக்கும்?

ஆனால் சேதுமாதவனுக்குக் கண்கள் பளபளத்தன. முன்கூட்டியே எழுதிக்கொடுத்த முடிவு, பிறகு சோதனை, பிறகு கையெழுத்து. அவர் வாழ்க்கையே அதுதானே. கம்பெனிப் படிவம் ஒன்றை எடுத்துவந்து நிபந்தனைகளை எழுதினார். மாணவி மட்டுமே செய்ய வேண்டும். முடிவு சொன்னபடியே வர வேண்டும். கீழே சாட்சி என்று ஒரு கட்டம். அதில் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும் என்று சுற்றிப் பார்த்தார். நான் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவள் தேர்ந்தெடுத்தது ஒரு போர்க்கப்பல். விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் கட்டிய இரும்புக் கவசக் கப்பல். பெயர் 'கேப்டன்'. சூரிய அடுப்பு செய்யேன், மழைநீர் சேமிப்பு செய்யேன் என்று சுசீலா கெஞ்சிப் பார்த்தாள். நடக்கவில்லை.

அந்தக் கப்பலின் கதையை எனக்குச் சொன்னபோது, இது நம் கட்டிடத்திலேயே நடந்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. சுழலும் பீரங்கிக் கூண்டு ஒன்றைக் கண்டுபிடித்த கடற்படை அதிகாரி ஒருவர், இதை வைத்து நானே ஒரு கப்பல் கட்டுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாராம். கப்பல் வடிவமைப்பது அவர் தொழிலே இல்லை. அதற்கென்று இருந்த தலைமை வடிவமைப்பாளர் வேண்டாம் என்றார். பத்திரிகைக்காரர்கள் விடவில்லை, பாராளுமன்றமும் விடவில்லை. ஊரே சேர்ந்து கூச்சல் போட்டதில், கட்டித் தொலையுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

பீரங்கி தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கப்பலின் பக்கச்சுவரைத் தண்ணீருக்கு மேல் எட்டடிதான் வைத்தார்கள். என்ஜின் இருந்தது. ஆனால் என்ஜினை முழுசாக நம்ப அந்தக் காலத்து ஆட்களுக்கு மனசு வரவில்லை. எனவே வானளாவிய பாய்மரங்களையும் நட்டார்கள். உடம்பு குட்டை, தலையில் கோபுரம். இதற்கிடையில் கண்டுபிடித்தவர் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட, கட்டுகிற இடத்தில் ஆளாளுக்கு எடையை ஏற்றினார்கள். ஊருக்குப் போகிறவரின் அட்டைப்பெட்டியில் கயிறு கட்டுவதற்கு முன்பு, இது ஒண்ணுதான், இது சின்னதுதான் என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து திணிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விமான நிலையத்தில் எடை போட்டால் பிரித்து வெளியே எடுக்கச் சொல்வார்கள். கடலில் அப்படிச் சொல்ல ஆளில்லை. கட்டி முடித்து மிதக்கவிட்டபோது கப்பல் எழுநூறு டன்னுக்கு மேல் கூடுதல் எடையோடு நின்றது. எட்டடி இருக்க வேண்டிய சுவர் ஆறரை அடிதான் வெளியே தெரிந்தது.

"சாய்ச்சுப் பாக்கற டெஸ்ட்டும் பண்ணாங்க ஆன்ட்டி. இருபத்தோரு டிகிரிக்கு மேல சாய்ஞ்சா அப்புறம் எழுந்திருக்கற பலம் குறைஞ்சுக்கிட்டே போகும்னு கணக்கு வந்துச்சு. கப்பல்ல இருந்தவங்களுக்கு மட்டும் அது போய்ச் சேரவே இல்ல."

"அப்புறம்?"

"1870 செப்டம்பர்ல காத்தடிச்சுது. கவிழ்ந்துடுச்சு. ஐந்நூறு பேர் கிட்ட போய்ட்டாங்க. கண்டுபிடிச்சவரும் அதுலதான் இருந்தாரு."

நம் கட்டிடத்தைக் கட்டியவர் வேறெங்கோ பங்களாவில் வசிக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டேன்.

பழ மண்டியில் எறிந்த பெட்டிப் பலகைகளை அறுத்து, மூன்றடி நீளத்தில் கப்பலைச் செய்தாள். அறுக்கும்போது கையையும் கொஞ்சம் அறுத்துக்கொண்டாள். ஓட்டைகளை மூட, ஏ.சி. ஆட்கள் ஒட்டுகிற அலுமினிய டேப்பைக் கடையில் வாங்கிச் சுற்றினாள். பார்க்க, கல்யாண வீட்டில் மிச்சச் சோற்றைப் பொட்டலம் கட்டியது போல இருந்தது. டூனா மீன் டின்கள் இரண்டு பீரங்கிக் கூண்டுகள் ஆயின. திரைச்சீலைக் கம்பிகள் பாய்மரம். தண்ணீர் எதுவரை நிற்க வேண்டுமோ அதுவரை அளந்து, சுற்றிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டாள்.

அவர்கள் வீட்டுக் குளியலறையில், குவைத்தின் எல்லா வீடுகளையும் போல, நீளமான குளியல் தொட்டி உண்டு. எல்லாத் தமிழ் வீடுகளையும் போல அதற்குள் ஒரு பக்கெட்டை வைத்து மக்கால் மொண்டுதான் குளிப்பார்கள். பக்கெட்டை வெளியே எடுத்துவிட்டு, தொட்டியை நிரப்பிச் சோதனை செய்தாள். கப்பல் நகராமல் ஒரு பக்கம் கட்டிவிட்டு, பாய்மரத்தின் உச்சியிலிருந்து மறுபக்கம் ஒரு நூல். நூல் ஒரு உருளை வழியாக வெளியே வந்து ஒரு காகிதக் கோப்பையில் முடியும். கோப்பையில் ஒவ்வொரு கோலிக்குண்டாகப் போட்டால் காற்று அடிப்பதுபோலப் பாய்மரம் இழுக்கப்படும். பதின்மூன்று கோலி வரை கப்பல் முனகிக்கொண்டு நின்றது. பதினான்காவதில் விழுந்தது. பத்துத் தடவையும் பதினான்குதான். படிவத்தில் எழுதினாள்: பதினான்காவது கோலியில் கப்பல் கவிழும்.

வினை அதற்கடுத்த நாள் வந்தது. கண்காட்சிக்குத் தலைமை விருந்தினர் யார் என்று பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. சேதுமாதவன் கம்பெனியின் ஜி.எம்.

மாலை வீடு திரும்பியவர் நேராகக் குளியலறைக்குப் போய் ஒரு சோதனையை நின்று பார்த்திருக்கிறார். கதவு திறந்தே இருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஜி.எம். முன்னாடி கப்பல் கவிழறதா? சுசீலா, என்ன இது?"

"அது கவிழறதுக்குத்தாங்க செஞ்சிருக்கா."

"கவிழறதுக்குன்னு எவனாவது கப்பல் கட்டுவானா? அந்தாளு முழுசா நின்னு கேப்பாருன்னு நினைக்கறயா? சேது பொண்ணோட ப்ராஜெக்ட் எங்கண்ணு முன்னாடி முங்கிப்போச்சுன்னுதான் மீட்டிங்ல சொல்லுவாரு. அப்புறம் நான் பாஸ் பண்ண டக்ட்டுக்கு என்ன மரியாதை?"

"தொடக்கூடாதுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

 கையெழுத்தை மதிக்கிற மனிதர் என்று நானும் நம்பி என் கதவைச் சாத்திவிட்டேன்.

கீழ்த்தளத்தில் கன்னியாகுமரிப் பக்கத்து நர்ஸ் புஷ்பமேரி இருக்கிறாள். அவள் தம்பி பிரைட், ஃபஹாஹீல் கடற்கரையில் ஒரு அரபியின் மீன்பிடிப் படகில் வேலை. புதன்கிழமை சாயங்காலம் புஷ்பமேரி மாடியேறி வந்தாள். டூட்டிக்குப் போகிற சீருடையோடு வந்தாள் என்றால் செய்தி பெரிசு.

"எக்கா, ஒங்க எதிர்வீட்டு சாரு எங்க பிரைட்டுட்ட வந்து வலையில கெட்டுத ஈயக்குண்டு கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காரு பாத்துக்கிடுங்க."

"ஈயக்குண்டா? அவர் எங்க மீன் பிடிக்கப் போறாரு?"

"அதானே. பிள்ளைக்க புராஜக்ட்டுக்காம். அடியில கெட்டினா கப்பல் கவுந்து மறியாதுல்லான்னு கேட்டாராம். இவனும் வெவரம் தெரியாம, எப்பிடி வரிசையா கெட்டணும்னு படம் வரஞ்சு குடுத்து விட்டிருக்கான்."

அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான், சம்யுக்தா டியூஷனுக்கும் சுசீலா கடைக்கும் போயிருந்த நேரத்தில், என் கதவுத்துளை வழியாக நீல நிற பாலிதீன் பையோடு அவர் உள்ளே போனதை நான் பார்த்திருந்தேன். மீன் என்று நினைத்தேன்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டாம் மாடி மீனாம்பாளிடம் மட்டும் சொன்னேன். மீனாம்பாள் யாருக்கும் சொல்ல மாட்டாள், அவளோடு லிஃப்டில் ஏறுகிறவர்களைத் தவிர. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இருபத்துநாலு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதவர்கள் இரண்டே பேர்: சுசீலாவும் சம்யுக்தாவும். நான் போய்ச் சொல்லியிருக்கலாம், சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். ஆனால் என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். சேதுமாதவன் அவருக்கு மூன்று படி மேலே. "வாயத் தொறந்த, அடுத்து என் ராஜினாமா லெட்டர் உன் கையாலதான் எழுதணும்," என்று அவர் சொன்னார். நான் வாயைத் திறக்காமல் இருந்த நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு. அதில் ஒன்றைப் போய் இதற்குச் செலவழித்தேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் வெல்டிங் வாடை வீசிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் குழந்தைக்கு வாங்கிய, வாத்துப் படம் போட்ட காற்றடைத்த குளத்தைத்தான் சம்யுக்தாவுக்கு இரவல் கொடுத்திருந்தேன். அதில் தண்ணீர் நிரப்பி, கப்பலை விட்டு, நூல் கட்டி, கோலிகளை ஒரு கிண்ணத்தில் எண்ணி வைத்திருந்தாள். பின்னால் அட்டையில் பெரிதாக எழுதியிருந்தது: பதினான்காவது கோலியில் இந்தக் கப்பல் கவிழும், காரணம் கேளுங்கள்.

ஜி.எம். நடுவரோடு வந்தார். நடுவர் வேறு பள்ளியின் இயற்பியல் ஆசிரியை. சேதுமாதவன் ஜி.எம்.முக்கு அரையடி பின்னால் நின்றார். அலுவலகத்தில் பழகிய அதே அரையடி. எங்கள் கட்டிடத்துக் கூட்டம் வேறு எந்த ஸ்டாலுக்கும் போகாமல் இங்கேயே நின்றது. நடுவர் அதைப் பார்த்து, இந்த ப்ராஜெக்ட்டுக்கு நல்ல ஆதரவு இருக்கிறதே என்றார்.

சம்யுக்தா கோலிகளைப் போட ஆரம்பித்தாள். பத்து வரை சொல்லிக்கொண்டே போட்டாள். பதினொன்றிலிருந்து கூட்டமும் சேர்ந்து எண்ணியது. பன்னிரண்டு. பதின்மூன்று. குளத்துக்குள் வாத்துகள் சிரித்தன. பதினான்கு.

கப்பல் லேசாகச் சாய்ந்து, சௌகரியமாக நின்றது.

பதினைந்து, பதினாறு. கிண்ணம் காலியானது. இருபது கோலி தொங்கியும் கப்பல் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்த மாமனார் மாதிரி அசையாமல் இருந்தது.

ஜி.எம். கைதட்டினார். "வெரி குட்! என்ன ஸ்ட்ராங்கு! க்யூ.சி.காரர் வீட்டுப் பொண்ணுன்னா சும்மாவா? சேது, நம்ம டக்ட் டெஸ்ட்டெல்லாம் இவகிட்ட குடுத்துடலாம் போல."

சேதுமாதவன் குழைந்து சிரித்தார். கூட்டமும் தட்டியது. நானும் தட்டினேன், வேறென்ன செய்வது. கப்பல் நின்றதற்காக எல்லோரும் சந்தோஷப்பட்ட அந்த இடத்தில், கையில் கோலி தீர்ந்துபோன ஒருத்தி மட்டும் சென்னைக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.  சுசீலா முந்தானையைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்தாள். நடுவர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதப்போனார்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றாள் சம்யுக்தா. குனிந்து கப்பலின் பக்கவாட்டைப் பார்த்தாள். "என் சிவப்புக் கோடு தண்ணிக்குள்ள இருக்கு. ரெண்டு விரல் தாழ்ந்து நிக்குது. நேத்து மதியம் கோடு வெளியதான் இருந்துச்சு."

யாரும் தடுப்பதற்குள் நூலை அவிழ்த்து, கப்பலைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பினாள். அடிப்பலகையின் நடுவே ஒரு பளபளப்பான அலுமினியப் பட்டை. நூல் பிடித்தாற்போல் நேராக, ஒரு சுருக்கமில்லாமல், முனைகளை நாற்பத்தைந்து பாகையில் மடித்து. அப்பாசியாவில் அலுமினிய டேப்பை இத்தனை பக்தியோடு ஒட்டக்கூடியவர் ஒருவர்தான். எங்கள் கட்டிடத்துக் கூட்டம் மொத்தமும் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தது.

"இது என் வேலை இல்ல மேடம்," என்றாள். "எனக்கு இவ்ளோ நீட்டா ஒட்ட வராது."

"அப்ப யார் ஒட்டினது?" என்றார் ஜி.எம்.

சம்யுக்தா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் காதோரம் வியர்வை இறங்கியது, மண்டபத்தில் ஏ.சி. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் வாய் திறப்பதற்கு முன், பதினாறு வருடத்துக் கையெழுத்துகள் அத்தனையும் அந்த மனிதரின் கழுத்தில் தொங்கியதைப் பார்த்தேன்.

"கட்டற எடத்துல யாரோ எடையை ஏத்திட்டாங்க சார்," என்றாள். "ஒரிஜினல் கப்பல்லயும் இப்படித்தான் நடந்துச்சு. என்ன, அவங்க மேல ஏத்தினாங்க, இங்க கீழ ஏத்திட்டாங்க."

ஜி.எம். தலையாட்டினார். ப்ராஜெக்ட்டின் பகுதி என்று நினைத்துக்கொண்டார்.

அவள் பட்டையை உரித்தாள். ஈயக்குண்டுகள் ஒவ்வொன்றாகக் குளத்துக்குள் விழுந்தன. பின்னால் பிரைட் நின்றிருந்தான். "நம்ம குண்டுதான்," என்று அக்காவின் காதில் சொன்னது நாலு பேருக்குக் கேட்டது.

"சம்யு, போதும்மா, அடுத்த ஸ்டாலுக்கு சார் போகணும்," என்றார் சேதுமாதவன்.

"ரெண்டே நிமிஷம்பா."

நடுவர், "பண்ணட்டும் சார்," என்றார்.

மறுபடி கட்டினாள். சிவப்புக் கோடு ஈரத்தோடு வெளியே தெரிந்தது. முதல் கோலியிலிருந்து இந்தத் தடவை யாரும் எண்ணவில்லை. அவளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கோலி விழுகிற சத்தத்தை வைத்து நான் மனசுக்குள் எண்ணினேன். பத்தில் மேல்தளத்தின் ஓரம் தண்ணீரைத் தொட்டது. பன்னிரண்டில் மீன் டின் நனைந்தது. பதின்மூன்றில் கப்பல் சாய்ந்து, நின்று, யோசித்தது. இப்போதே விழுந்துவிட்டாலும் போச்சு, எழுதியது தப்பாகிவிடும். சுசீலா என் கையைப் பிடித்துக்கொண்டதை, விட்ட பிறகுதான் உணர்ந்தேன். நகம் பதிந்திருந்தது.

பதினான்காவது கோலியைக் கோப்பைக்குள் எறியாமல், விரலால் இறக்கி வைத்தாள்.

கப்பல் மெதுவாகச் சாய்ந்தது. இன்னும் மெதுவாக. பிறகு, இத்தனை நேரம் எதற்குப் பொறுத்தேன் என்பது போல, ஒரேயடியாகப் புரண்டது. பாய்மரம் தண்ணீரை அறைந்த வேகத்தில் குளத்துத் தண்ணீர் எழும்பி ஜி.எம்.மின் பேன்ட்டில் முழங்கால் வரை நனைத்தது.

 ஜி.எம். பேன்ட்டைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார். "அப்ப ஃபெயிலா?" என்றார்.

"இல்ல சார். பாஸ்," என்றாள் சம்யுக்தா, அட்டையைக் காட்டி. பக்கச்சுவர் ஏன் உயரமாக இருக்க வேண்டும், பாய்மரம் ஏன் எதிரியானது, தொழில் தெரிந்தவர் சொன்னதைக் கேட்காமல் கூட்டம் சொன்னதைக் கேட்டு ஒரு கப்பலைக் கட்டினால் என்ன ஆகும் என்றெல்லாம் கடகடவென்று சொன்னாள். நடுவர் மட்டும் கேட்டார். ஜி.எம். டிஷ்யூ தேடப் போய்விட்டார்.

ஆறுதல் பரிசு கிடைத்தது. முதல் பரிசு, தானாகத் திறந்து மூடும் அணைக்கட்டுக்கு. செய்த பையனின் அப்பா மேடையில் ஏறிப் பேசினார்.

அன்று மாலை, குளத்தைத் திரும்ப வாங்குகிற சாக்கில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். குளம் ஒன்றும் எனக்கு அவசரம் இல்லை. மேசையில் தோசை ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. சேதுமாதவன் படிவத்தை விரித்து வைத்திருந்தார்.

"வாங்க, சாட்சியே வந்தாச்சு," என்றார். "நீங்களே சொல்லுங்க. ஃபர்ஸ்ட் டெஸ்ட்ல கவிழல. ரீ-டெஸ்ட் பத்தி ஃபார்ம்ல ஒண்ணும் கெடையாது. அதும் போக, மாணவி மட்டுமே செய்யணும்னு இருக்கு. வேற கை பட்டாச்சு. அப்ப டெக்னிக்கலா இது செல்லாதுங்க."

வேற கை. சொல்லும்போது தன் கையையே ஆட்டிக்கொண்டு சொன்னார். பாராட்ட வேண்டிய தைரியம். நான் வாய் திறந்தேன், ஸ்டோர்கீப்பரின் முகம் ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். மறுபடி திறந்தேன். "பதினாலுதான் சார். நான் எண்ணினேன்," என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய் வாங்கிக்கட்டிக்கொள்ளலாம்.

"அதான் சொல்றேனே, ரீ-டெஸ்ட்டு..."

"ஏங்க," என்றாள் சுசீலா. அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "உங்க ஜி.எம். சம்சாரம் என்னைய வீட்டுக்கு வான்னு ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நாளைக்கு வெள்ளிக்கெழமை லீவுதானே. போய்ட்டு வரலாம்னு இருக்கேன். கண்காட்சி பத்திக் கேப்பாங்க. ஈயக்குண்டு எப்படி வந்துச்சுன்னும் கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

சுசீலா இப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. நாலு வருடமாக எதிர்வீட்டில் இருக்கிறேன், கதவில் துளை வேறு இருக்கிறது.

சேதுமாதவன் படிவத்தின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். பிறகு மகளைப் பார்த்து, "ஏம்மா, அத்தன பேர் முன்னாடி நீ ஏன் எம்பேரச் சொல்லல?" என்றார். குரலில் தரக்கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"சொன்னா பெரிய பேச்சாகும். திரும்ப டெஸ்ட் பண்ண விடமாட்டாங்க," என்றாள் சம்யுக்தா. "எனக்கு ரெண்டு நிமிஷம்தான்பா இருந்துச்சு."

அவர் படிவத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய் ஃபோனை எடுத்தார். சென்னைக்குப் பேச வாங்கிய ஃபோன் கார்டைச் சுரண்டி, எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அழுத்தினார்.

"ஆமாண்டா, நாந்தான். அந்த ஹாஸ்டல் சீட்டு வேணாம்னு சொல்லிரு. ஆமா, முழுசா வேணாம். இல்லல்ல, அவ சம்மதிச்சா, அவளுக்கென்ன. நான்தான் யோசிச்சேன். அங்க தண்ணிக் கஷ்டமாமே... ஆமா. தண்ணி கொஞ்சம் சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். நாந்தான் முடிவு பண்ணேன். ரிஜெக்ட் பண்ணிட்டேன்னு சொல்லிரு."

சுசீலா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். ஆறிப்போனதைத் தின்ன வேண்டாம், சூடாக ஊற்றித் தருகிறேன் என்றாள். சம்யுக்தா மூன்று தின்றாள், அறுத்துக்கொண்ட விரலில் சட்னி படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. என்னையும் உட்காரச் சொன்னார்கள். எனக்கு வேலை இருந்தது. இருபத்துநாலு வீடும் காத்துக்கொண்டிருக்கும். இருந்தாலும் ஒரு தோசைக்காக உட்கார்ந்தேன்.